வினைமுதல் இல்லாத வினை: மகாபாரதச் செம்பதிப்பும் பற்றுள்ள வாசகரும்

சமயப் பற்றும் திறனாய்வு நோக்கும் ஒன்றோடொன்று முரண்படுவன என்னும் கருத்து பரவலாக உள்ளது. இம்முரணை விளக்க முற்படுவோர் பெரும்பாலும் இருவேறு மனிதர்களைக் கற்பித்துக்கொள்வர். ஒருவர் நம்புபவர், மற்றவர் ஐயுறுபவர். ஆனால் ஒரு தொன்னூலைப் பதிப்பிக்கும்போதும் மொழிபெயர்க்கும்போதும் இவ்விருவரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். சில வேளைகளில் இருவரும் ஒருவரே. புனேயிலுள்ள பண்டார்கர் கீழைத்தேய ஆய்வு நிறுவனம் வெளியிட்ட மகாபாரதச் செம்பதிப்பை, குறிப்பாக அதன் சபா பருவத்தின் ஒரு பகுதியை, இந்நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். வடமொழி நூலொன்றைப் பற்றிய இவ்விவாதம் மொழிபெயர்ப்பாளரையும் மொழியியலாரையும் நேரடியாகத் தொடும் என்பது மேலே செல்லச் செல்ல விளங்கும்.

பதிப்பின் பின்புலம்

மகாபாரதத்திற்குத் திருத்தமான ஆய்வுப் பதிப்பு வேண்டும் என்ற கோரிக்கையை 1897இல் பாரிசில் கூடிய கீழைத்தேயவியலார் மாநாட்டில் வின்டர்னிட்ஸ் முன்வைத்தார். ஐரோப்பாவில் அம்முயற்சி மாதிரி அளவோடு நின்றது. 1917இல் நிறுவப்பட்ட பண்டார்கர் நிறுவனம் 1919இல் இப்பணியைத் தொடங்கிற்று. 1925இல் விஷ்ணு சீதாராம் சுக்தங்கர் பொதுப் பதிப்பாசிரியர் பொறுப்பை ஏற்ற பின்னரே வேலை நெறிப்பட்டது. கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று, பின்னர் பெர்லினில் லூடர்சிடம் சாகடாயனர் இலக்கணத்தை ஆராய்ந்து பட்டம் பெற்றவர் அவர். இவ்விரு பயிற்சிகளின் தடமும் அவருடைய பதிப்பு முறையில் தெளிவாகவே தெரியும். ஆதி பருவம் அவருடைய நீண்ட முன்னுரையுடன் 1933இல் நிறைவெய்தியது. அவர் மறைவுக்குப்பின் பெல்வல்கரும் அவரையடுத்து வைத்யாவும் பணியைத் தொடர, பதினெட்டுப் பருவங்களும் 1966இல் முற்றுப்பெற்றன. மொத்தம் 1,259 சுவடிகள் பயன்கொள்ளப்பட்டன என்றும், தேர்ந்தமைத்த பாடம் 89,000 சுலோகங்களுக்கு மேற்பட்டது என்றும் நிறுவனம் கணக்குக் காட்டுகிறது. சாரதா, நேபாளி, மைதிலி, வங்காளி, தேவநாகரி ஆகிய வட மரபுச் சுவடிகளும் தெலுங்கு, கிரந்தம், மலையாளம் ஆகிய தென் மரபுச் சுவடிகளும் ஒப்பிடப்பட்டன. தென்னகச் சுவடிகளை ஒப்பிடும் பணியின் ஒரு பகுதி தஞ்சைச் சரசுவதி மகாலில் நடைபெற்றது என்பதைத் தமிழ் வாசகர் நினைவிற் கொள்ளலாம்.

முறை எளிதாகச் சொல்லத்தக்கது, செய்வதுதான் அரிது. வட மரபும் தென் மரபும் தம்முள் கலவாமல் வந்த இடங்களில் இரண்டும் ஒத்துச் சொல்வது பழமையானது. ஒன்றில் மட்டும் காணப்படுவது ஐயத்திற்குரியது. ஐயத்திற்குரியவற்றைச் சுக்தங்கர் எறிந்துவிடவில்லை. சிறியவற்றை உடுக்குறியிட்டு அதே பக்கத்தின் அடியிலும், பெரியவற்றைப் பின்னிணைப்பிலும் வைத்தார். மேலும், தேர்ந்தமைத்த பாடத்துக்குள்ளேயே உறுதி குறைந்த சொற்களின் கீழ் அலைபோல் நெளியும் ஒரு கோட்டை இட்டார். இந்த அலைக்கோட்டைப் பற்றிப் பின்னர் மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

இங்கே கலைச்சொல் பற்றி ஒன்று கூறவேண்டும். ‘கிரிட்டிகல் எடிஷன்’ என்பதைத் தமிழில் ‘செம்பதிப்பு’ என வழங்குகிறோம். சொல் அழகானதே. எனினும் ‘செம்மை’ என்னும் அடை, நூல் குறையறத் திருத்தப்பட்டுவிட்டது என்ற பொருளைத் தருகிறது. சுக்தங்கரோ அத்தகைய உரிமை எதையும் கோரவில்லை. வியாசர் கைப்பட எழுதிய படியைத் தாம் மீட்டுவிட்டதாக எவரும் கருதலாகாது என்றும், கிடைத்த சுவடிகளின் துணைகொண்டு எட்டத்தக்க மிகப் பழைய வடிவமே தம் பாடம் என்றும் முன்னுரையில் தெளிவுபடுத்தியுள்ளார். ‘ஆய்வுப் பதிப்பு’ என்பது இதற்குப் பொருந்தும் சொல். ஆயினும் வழக்கு வலிமையுடையதாதலின் இக்கட்டுரையிலும் ‘செம்பதிப்பு’ என்றே ஆளப்படுகிறது.

நீக்கம் பெற்றவை

செம்பதிப்பின் மேற்பகுதியிலிருந்து இறங்கியவற்றுள் பக்தர்களின் உள்ளத்தில் ஆழ வேரூன்றியவை பல. வியாசர் சொல்லச் சொல்லப் பிள்ளையார் எழுதினார் என்ற செய்தி நம் சிற்றூர்க் குழந்தையும் அறிந்தது; அது ஆதி பருவப் பின்னிணைப்பின் முதலிடத்தில் உள்ளது. விராட பருவத்தில் தருமன் துர்க்கையைத் துதிக்கும் பகுதியும், போர் தொடங்குமுன் அருச்சுனன் துர்க்கையைத் துதிக்கும் பகுதியும் அவ்வாறே இறங்கின. பகவத்கீதை எங்கும் இறங்கவில்லை; அது பெல்வல்கரின் வீட்டும பருவப் பதிப்பில் தன் இடத்திலேயே உள்ளது. இதனைக் குறிப்பிடக் காரணமுண்டு. பக்தியைக் களைவதே புனேப் பதிப்பாளரின் நோக்கம் என்று சிலர் குற்றஞ்சாட்டினர். அதுவே நோக்கமாயின் முதலில் இறங்கியிருக்கவேண்டியது கீதையே. விதி பொருளைப் பாராமல் சுவடிச் சான்றை மட்டுமே பார்த்தது.

எல்லாவற்றினும் மிகுந்த வருத்தத்தைத் தோற்றுவித்தது திரௌபதியின் முறையீடு. சபா பருவத்தைப் பதிப்பித்தவர் அமெரிக்க வடமொழி அறிஞர் பிராங்க்ளின் எட்கர்டன். அது 1944இல் வெளிவந்தது. பொதுவாக வழங்கிவந்த பாடத்தில், துச்சாதனன் துகிலைப் பற்றி இழுக்கும்போது திரௌபதி துவாரகையில் உறையும் கோவிந்தனை அழைத்துக் கதறுகிறாள். அவ்வழைப்பின் பயனாக ஆடை வளர்கிறது. எட்கர்டனின் பாடத்தில் இம்முறையீடு மேலே இல்லை, அடிக்குறிப்பில் உள்ளது. முறையீட்டைக் கொண்ட செய்யுட்கள் சுவடிக்குச் சுவடி சொல்லிலும் அளவிலும் வேறுபடுவதால் அவை மூலத்தில் ஒருங்கே இருந்தன என்று கொள்ள இடமில்லை என்பது பதிப்பின் முடிவு.

தமிழகத்தில் இச்செய்தி எவ்வாறு ஒலிக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. வில்லிபுத்தூராரும் பாரதியும் இம்முறையீட்டைப் பாடியுள்ளனர். வடதமிழ்நாட்டுத் திரௌபதியம்மன் கோயில்களில் துகிலுரிதல் கூத்து நிகழும் இரவில் பார்வையாளர் வெறும் பார்வையாளராக இருப்பதில்லை. கற்பூரம் ஏற்றுவோரும் அருள்வந்து ஆடுவோரும் உண்டு. ‘மூலத்தில் இது இல்லை’ என்னும் தொடர் அங்கே ஓர் ஆய்வுச் செய்தியாகச் சென்று சேராது.

செம்பதிப்பு உண்மையில் சொல்வது

செம்பதிப்பைப் பற்றி இரு சாராரும் பேசுவதைக் கேட்கும்போது, அப்பக்கத்தைப் படித்தவர் சிலரே என்று தோன்றுகிறது. பற்றாளர் சிலர், கண்ணனைப் புனே நீக்கிவிட்டது என்பர். பகுத்தறிவு நோக்கினர் சிலர், ஆடை வளர்ந்த கதையே பிற்காலத்தது என்று செம்பதிப்பு காட்டிவிட்டது என்பர். இரண்டும் பிழை. சபா பருவம் 61ஆம் இயலின் தேர்ந்தமைத்த பாடத்தில் அற்புதம் அப்படியே உள்ளது. துகில் இழுக்கப்படும்போது அதே வடிவுடைய மற்றொரு துகில் மீண்டும் மீண்டும் தோன்றுகிறது, அவையோர் வியந்து ஆரவாரிக்கின்றனர், வீமன் சூளுரைக்கிறான். இல்லாதது ஒன்றே: அதனைச் செய்தவர் யார் என்னும் செய்தி.

மொழியியல் நோக்கில் இது கருதத்தக்கது. அங்குள்ள வினை ‘தோன்றுதல்’ என்னும் பொருளுடைய தன்வினை. அதற்கு எழுவாய் துகில். ‘தோற்றுவித்தான்’ என்னும் பிறவினையோ ‘அளித்தான்’ என்னும் கொடைவினையோ அங்கு இல்லை. வேற்றுமை உருபு வழியாகக் கருவியோ ஏதுவோ சுட்டப்படவும் இல்லை. அதாவது, நிகழ்ச்சி கூறப்பட்டு வினைமுதல் கூறப்படாத ஓர் அமைப்பு. வினைமுதல் கூறப்படாமை வேறு, வினைமுதல் இல்லை என மறுத்தல் வேறு என்பதை இலக்கணம் பயின்றோர்க்கு விளக்கவேண்டியதில்லை. எட்கர்டனே தம் குறிப்பில் இவ்விடத்தை வெற்றிடமாகக் கருதாமல், அண்டம் தழுவிய அறத்தின் செயலாக அதனை உணரலாம் என்ற போக்கில் எழுதியுள்ளார். ஓர் உருபு கூட இல்லாத இடத்தில் அவரும் ஏதோ ஒரு வினைமுதலைத் தேடினார் என்பதே இதன் பொருள். வழக்குப் பாடத்திலும் ஒரு நுட்பம் உண்டு: திரௌபதி அழைப்பது கண்ணனை, மறைந்து நின்று ஆடையால் மூடுவதாகச் சொல்லப்படுவதோ அறக்கடவுள். பிற்காலத்தார் பாடல்களிலும் கூத்திலும் இவ்விருவரும் ஒருவராயினர். வெற்றிடம் ஒரே நாளில் நிரப்பப்படவில்லை என்பதற்கு இது சான்று.

இனி, செம்பதிப்பின் பிற பருவங்கள் என்ன சொல்கின்றன என்று நோக்கவேண்டும். உத்தியோக பருவம் 58ஆம் இயலில், கண்ணன் தன்னிடம் கூறியதாகச் சஞ்சயன் அறிவிக்கும் பகுதி உண்டு. தான் தொலைவில் இருந்தபோது திரௌபதி ‘கோவிந்தா’ என்று கதறினாள் என்றும், அந்தக் கடன் வளர்ந்து தன் நெஞ்சை விட்டு அகலவில்லை என்றும் அங்கே கண்ணன் கூறுகிறான். இது உடுக்குறியிட்ட பகுதி அன்று. தேர்ந்தமைத்த பாடத்திலேயே உள்ளது. சபா பருவத்தில் அடிக்குறிப்புக்கு இறங்கிய கதறல் உத்தியோக பருவத்தில் மேற்பகுதியில் ஒலிக்கிறது! இதனை எடுத்துக்காட்டி, கண்ணனுக்கும் இந்நிகழ்ச்சிக்கும் உள்ள தொடர்பு பழமையானதே என வாதிட்ட ஆய்வாளர்களுள் ஆல்ஃப் ஹில்டபைட்டல் குறிப்பிடத்தக்கவர்.

ஆனால் ஆரணிய பருவம் வேறொன்று சொல்கிறது. அங்கே கண்ணன் தருமனிடம், சூது நிகழ்ந்தபோது தான் துவாரகையில் இல்லை, சால்வனோடு போரிடச் சென்றிருந்தேன், இருந்திருந்தால் அழையாமலே வந்து சூதைத் தடுத்திருப்பேன், திரும்பி வந்த பின்னரே சாத்தியகி வாயிலாகச் செய்தி அறிந்தேன் என்கிறான். இதுவும் தேர்ந்தமைத்த பாடமே. கதறலைக் கேட்டவனாக ஒரு பருவத்திலும், செய்தியைப் பின்னர் அறிந்தவனாக மற்றொரு பருவத்திலும் அதே கண்ணன் பேசுகிறான். கேட்டல் வேறு, அறிதல் வேறு என்று உரையாசிரியர் ஒருவர் இதனை இணக்கப்படுத்திவிடலாம். இரு அடுக்குகள் என்று வரலாற்றாய்வாளர் பிரித்துவிடலாம். செம்பதிப்பு இரண்டையும் செய்யவில்லை. செய்யாமல் விட்டதே அதன் நேர்மை என்பது இக்கட்டுரையாளர் கருத்து. ‘சபா பருவத்தின் இவ்விடத்தில் சுவடிகள் ஒத்துச் சொல்வது எது?’ என்னும் வினாவிற்கே எட்கர்டன் விடை தந்தார். ‘மக்கள் எப்போதிருந்து இவ்வாறு நம்பினர்?’ என்பது மற்றொரு வினா. முதல் வினாவின் விடையைக் கொண்டு இரண்டாம் வினாவிற்கு விடை சொல்வதே இரு சாராரும் செய்யும் தவறு.

ஐயுறவு புதியதன்று

பாடங்களை ஐயுறுவது மேலைநாட்டார் கற்பித்த பழக்கம் என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. அதைப் பெருமையாகச் சொல்வோரும் உளர், இழிவாகச் சொல்வோரும் உளர். பதினேழாம் நூற்றாண்டில் உரை எழுதிய நீலகண்டர், பல நாட்டுச் சுவடிகளைத் திரட்டி நல்ல பாடங்களைத் தேர்ந்ததாகத் தம் உரைத் தொடக்கத்தில் கூறுகிறார். அவருக்கும் நானூறு ஆண்டு முற்பட்ட மத்துவர் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறார். ‘மகாபாரத தாத்பரிய நிர்ணயம்’ என்னும் நூலின் இரண்டாம் இயல் தொடக்கத்தில், நூலில் சிலர் சேர்த்தனர், சிலர் நீக்கினர், சிலர் இடம் மாற்றினர், அறியாமையாலும் சிலர் பிறழ எழுதினர், ஆதலின் நூல் பெரிதும் குலைந்துள்ளது என்ற கருத்துப்பட எழுதுகிறார். துவைத நெறியை நிறுவிய சமய ஆசிரியர் ஒருவர், தம் நெறிக்கு ஆதாரமான நூல் சிதைந்துள்ளது என்று அச்சமின்றிக் கூறுவது வியப்பளிக்கவில்லையா?

எனினும் மத்துவரையும் சுக்தங்கரையும் ஒரே வரிசையில் நிறுத்தி, முரண்பாடே இல்லை என்று முடித்துவிடுவது மேம்போக்கானது. இருவரும் ஐயுற்றனர், ஐயத்தைத் தீர்க்கும் அளவுகோல் வேறு. மத்துவரும் பல சுவடிகளைப் பார்த்தவரே. ஆனால் இறுதியில் எது மெய்ப்பாடம் என்பதைத் தீர்மானித்தது அவர் கொண்ட சித்தாந்தம். சுக்தங்கரின் முறையில் பதிப்பாசிரியருடைய சித்தாந்தத்திற்கு வாக்குரிமை இல்லை. உண்மையான முரண் தொடங்கும் இடம் இதுவே. நம்புவோர் ஐயுறமாட்டார் என்பது பொய். எதன்முன் தம் ஐயத்தை ஒப்படைப்பார் என்பதில்தான் வேறுபாடு உள்ளது.

தமிழ் மரபும் இதற்கு அயலன்று. சீவக சிந்தாமணியில் கந்தியார் பாடியவை என்றும், கம்பராமாயணத்தில் வெள்ளியம்பலத் தம்பிரான் பாடிய ‘வெள்ளி பாடல்கள்’ என்றும் வழங்குவனவற்றை நம்மவர் அறிவர். சேர்த்தவரின் பெயரையே சேர்க்கைக்கு இட்டு, அதனை ஒதுக்காமலும் மூலத்தோடு மயங்காமலும் வைத்துக்கொண்ட முறை இது. இன்று நாம் வழங்கும் ‘இடைச்செருகல்’ என்ற சொல்லில் ஒரு குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டுள்ளது. செருகியவன் ஏதோ ஏமாற்றினான் என்பதுபோல. கம்பராமாயணப் பதிப்பாசிரியர்கள் ஆண்ட ‘மிகைப்பாடல்’ என்பது நடுவுநிலையான சொல். பாரதத்திற்கும் ‘மிகைப்பாடம்’ என்று சொல்லுவது தகும்.

உ.வே.சாமிநாதையரையும் இங்கே நினைக்கவேண்டும். திருவாவடுதுறை மடத்துச் சூழலில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சைவ நூல்களைக் கற்றவர் அவர். அவர் 1887இல் பதிப்பித்ததோ சமண காப்பியம். அரசன் சிந்தாமணியில் திளைத்ததைக் கண்டு சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்னும் மரபுச் செய்தியை அறிந்த சைவர் ஒருவர் அப்பணியில் இறங்குவது எளிதன்று. பொருள் விளங்காத இடங்களில் அவர் கும்பகோணத்துச் சமணர்களிடம் சென்று கேட்டறிந்தார். தம் சமயத்தை அவர் விடவும் இல்லை. நூலின்மேல் அதனை ஏற்றவும் இல்லை. அவரது நிலை சுக்தங்கரின் நிலையைவிட ஒரு வகையில் எளிது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். பிறர் நம்பும் நூலை நடுநின்று பதிப்பிப்பது ஒன்று. தாம் போற்றும் நூலில் தாமே கோடு கிழிப்பது மற்றொன்று.

சுக்தங்கரின் பிற்கால உரைகள்

சுக்தங்கர் 1942இல் பம்பாய்ப் பல்கலைக்கழகச் சார்பில் மகாபாரதத்தின் பொருள் பற்றி உரைகள் ஆற்ற இசைந்தார். நான்காம் உரையை ஆற்றுமுன், 1943 ஜனவரி 21 அன்று காலமானார். அவ்வுரைகள் 1957இல் நூலாயின. பதினேழு ஆண்டுகள் சுவடிகளை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டவர் அவற்றில் பேசும் முறை வாசகரைத் திகைக்க வைக்கும். காப்பியத்தை அடுக்கடுக்காகப் பிரித்த ஐரோப்பியப் பகுப்பாய்வாளரை அவர் கடுமையாகச் சாடுகிறார். கதை, அறம், மெய்ப்பொருள் என மூன்று தளங்களில் நூலைப் படிக்கிறார். மூன்றாம் தளத்தில் கண்ணன் பரம்பொருள்; அருச்சுனன் உயிர்.

இதனைக் கண்டு, முதுமையில் பற்று முறையை வென்றுவிட்டது என்று சிலர் கருதலாம். அவ்வாறு கொள்ள வேண்டியதில்லை. தேர்ந்தமைத்த பாடத்தில் ஓரெழுத்தையும் இவ்வுரைகளுக்காக அவர் மாற்றவில்லை. எது நூல் என்பதை முறையால் தீர்மானித்துவிட்டு, அந்நூல் என்ன சொல்கிறது என்பதைப் பின்னரே வினவினார், வரிசை சரியே. குறை வேறிடத்தில் உள்ளது. பதிப்பில் ஒரு சொல் ஐயத்துக்குரியதாயினும் அதன் கீழ் அலைக்கோடு இட்டவர், உரைகளில் அத்தகைய கோடு ஒன்றையும் இடவில்லை. உயிர், பரம்பொருள் என்னும் விளக்கம் ஒரு வேதாந்த மரபின் விளக்கம். அதனை நூலின் ஒரே பொருளாக அவர் முன்வைக்கிறார். இக்குறை பற்றினால் மட்டும் வருவதும் அன்று. 1936இல் வெளியான பிருகுக்கள் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையில், பாரதம் பிருகு குலத்தாரின் கைப்பட்டு விரிந்தது என அவர் வாதிட்டார். அங்கே சுட்டப்படும் பிருகுச் செய்திகளில் பல எல்லாச் சுவடிகளிலும் உள்ளன. அவை பிற்சேர்க்கை என்பதற்குச் சுவடிச் சான்று இல்லை. அங்கும் அவர் தம் முறையின் எல்லைக்கு அப்பால் சென்றார். அந்தப் பயணத்திற்குத் தூண்டுதல் திறனாய்வு ஊக்கம்.

மொழிபெயர்ப்பில் நேர்வது

சில ஆண்டுகளுக்கு முன் நடைபெற்ற மொழிபெயர்ப்புப் பயிலரங்கு ஒன்றில் சபா பருவத்தின் இப்பகுதியைச் செம்பதிப்பிலிருந்து நேரே தமிழாக்கும் பயிற்சியை இக்கட்டுரையாளர் நடத்த நேர்ந்தது. பங்கேற்றோருள் ஒருவர் ஓய்வுபெற்ற வடமொழி ஆசிரியர். மற்றொருவர் கடவுள் மறுப்புக் கொள்கையுடைய இளம் விரிவுரையாளர். துகில் தோன்றும் தொடரை ஆசிரியர் ‘கண்ணன் அருளால் ஆடை மேன்மேலும் தோன்றியது’ என்று எழுதினார். விரிவுரையாளர் ‘ஆடை மேன்மேலும் தோன்றியதாம்’ என்று எழுதினார்.

முதல் மொழிபெயர்ப்பில் உள்ள மிகை அனைவர் கண்ணிலும் பட்டது. இரண்டாவதில் உள்ள மிகை உடனே படவில்லை. தமிழில் வினைமுற்றோடு சேரும் ‘ஆம்’ பிறர் கூற்றைக் குறிப்பது. பேசுவோர் அச்செய்திக்குத் தாம் பொறுப்பல்லர் என விலகிநிற்பதையும் குறிப்பது. பல சூழல்களில் நம்பாமையையும் ஏளனத்தையும் உணர்த்துவது. வடமொழியில் கேள்விச் செய்தியைக் குறிக்க ‘கில’ என்னும் இடைச்சொல் உண்டு. அது அத்தொடரில் இல்லை. வைசம்பாயனர் சனமேசயனை விளித்து நேரடியாகவே கூறுகிறார். ஆக, ஒருவர் ‘கண்ணன் அருளால்’ என இரு சொற்களைச் சேர்த்தார். மற்றவர் ஓர் இடைச்சொல்லைச் சேர்த்தார். பாடத்தில் இல்லாததைச் சேர்த்ததில் இருவரும் ஒப்பர். இதை எடுத்துக்காட்டியபோது ஆசிரியர் சிரித்தார். விரிவுரையாளருக்குக் கோபமே வந்தது. தாம் சேர்த்தது ஐயம் மட்டுமே என்றும், ஐயத்தைச் சேர்ப்பது எப்படிப் பிழையாகும் என்றும் அவர் கேட்டார். நியாயமான வினாவே. வாசகர் ஐயுறலாம், மொழிபெயர்ப்பாளரும் முன்னுரையில் ஐயுறலாம். கதைசொல்லியின் வாயில் அதனை வைக்க நமக்கு உரிமையில்லை.

அலைக்கோட்டிற்கு இங்கே வருவோம். அதனை ஓர் அச்சுக் குறியாக மட்டும் கருதுவது போதாது. ‘இப்பாடம் இதுவே போலும்’ என்று பதிப்பாசிரியர் சொல்வதற்குரிய வினைநோக்குக் குறி அது. ‘போலும்’, ‘கொல்’, ‘என்ப’ ஆகியவை தமிழில் செய்யும் வேலையை அது கோட்டினால் செய்கிறது. ஆனால் அந்த ஐயம் பதிப்பாசிரியருடையது, கதைசொல்லியுடையதன்று. மொழிபெயர்ப்பில் ‘போலும்’ எனச் சேர்த்தால் ஐயம் வைசம்பாயனருடையதாகிவிடும். சேர்க்காவிடின் ஐயமே மறைந்துவிடும். செம்பதிப்பை ஆங்கிலத்தில் பெயர்க்கத் தொடங்கிய வான் பியூட்டனனின் மொழிபெயர்ப்பிலும் சரி, அதே பதிப்பை அடிப்படையாகக் கொண்டு 2010 முதல் 2014 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த விவேக் தேவ்ராயின் மொழிபெயர்ப்பிலும் சரி, தொடர்களின் கீழே அலைக்கோடு ஓடுவதில்லை. இதனால் மொழிபெயர்ப்பு வழியே படிப்பவர் தேர்ந்தமைத்த பாடம் முழுவதையும் ஒரே உறுதியுடையதாகக் கொள்கிறார். பதிப்பாசிரியர் ஒரு கருதுகோளாக வைத்தது வாசகரிடம் புதிய ஆகமமாகச் சென்று சேர்கிறது. ‘செம்பதிப்பிலேயே இல்லை’ என்று இன்று சிலர் வாதத்தை முடிக்கும் தொனியில் பற்றாளரின் தொனியே கேட்கிறது என்றால் அது மிகையாகாது.

பயிலரங்கில் நாங்கள் மேற்கொண்ட தீர்வு எளியது. தொடரைத் ‘தோன்றியது’ என்று தன்வினையாகவே நிறுத்தினோம். முறையீட்டை அதே பக்கத்தின் கீழ், சிறிய எழுத்தில், ‘மிகைப்பாடம்’ என்ற தலைப்பில், எவ்வெழுத்துச் சுவடிகளில் காணப்படுகிறது என்ற குறிப்புடன் முழுமையாக மொழிபெயர்த்து வைத்தோம். ஆசிரியர் அப்பகுதியைத் தாமே மொழிபெயர்க்க விரும்பினார். மேற்பகுதியைவிட அவர் கையில் அது நன்றாக அமைந்தது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். ஐயமுள்ள சொற்களின் கீழ் அலைக்கோட்டையும் இட்டோம். தட்டச்சுப் படி அச்சகத்திலிருந்து திரும்பியபோது கோடுகள் ஒன்றும் இல்லை. திருத்துவதற்காகக் கீழே கோடிட்ட சொற்கள் என்று கருதி, எழுத்துப்பிழை இல்லையெனக் கண்டு, அழித்துவிட்டிருந்தனர். மீண்டும் இடச் செய்தோம்.

பற்றுள்ள வாசகருக்கு இத்தீர்வு நிறைவளிக்குமா என்றால், எல்லாருக்கும் அளிக்காது. நம் தாய்மார் சொல்லக் கேட்ட முறையீட்டைப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் காண்பது சிலருக்கு இழிவாகவே படும். அந்த வருத்தத்தை அறியாமை என்று ஒதுக்குவது ஆய்வாளருக்கு அழகன்று. எழுத்தின் அளவு வாசகருக்கு மதிப்பின் அளவாகத் தோன்றும். நாமே அச்சு மரபில் அவ்வாறு பழக்கியிருக்கிறோம். இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் இடப்பக்கம், வலப்பக்கம் என அச்சிடலாம் என்று விரிவுரையாளரே பின்னர் ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். செலவு கூடும், ஆனால் கருதத்தக்க யோசனை.

உத்தியோக பருவத்தின் அந்தப் பகுதி இன்னும் மொழிபெயர்க்கப்படவில்லை. அங்கே கண்ணன் ஆளும் சொல் வாங்கிய கடனைக் குறிப்பது. தமிழில் ‘கடன்’ என்றால் கடமையும் ஆகும். ‘கடன் வளர்ந்தது’ என்றால் வட்டிக்கடன் போலவும் ஒலிக்கும். இரு பொருளும் நிற்க எழுதுவதா, ஒன்றைத் தேர்வதா என்பதில் ஆசிரியரும் விரிவுரையாளரும் இன்னும் உடன்படவில்லை.